மூட்டை இறங்கும் நேரம்

திருப்பூரில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் நான் மெர்ச்சண்டைசர். வீட்டில் கேட்டால் 'பாலோ-அப் பார்க்கிறவன்' என்பார்கள். அதுதான் சரியான பெயர். நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், காம்பேக்டிங் ஒரு இடம், பிரிண்டிங் ஒரு இடம், தைப்பது நாலு பவர் டேபிளில், பிசிர் வெட்டுவது யார் வீட்டிலோ. இத்தனையையும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து போனிலேயே ஓட்டுவது என் பிழைப்பு. எனக்குக் கீழே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. முகம் தெரிந்தவர்கள் பத்துப் பேர் தேறுவார்கள்.

எங்களைப் போன்றவர்களுக்கென்று கம்பெனியில் ஒரு பயிற்சி வைத்தார்கள். ஏ.சி. ஹால், பிஸ்கட், டீ. 'தூரத்திலிருக்கும் குழுவை விழிப்புணர்வோடு வழிநடத்துவது எப்படி' என்று தலைப்பு. மைண்ட்ஃபுல்னஸ் என்று பத்துத் தடவையாவது சொன்னார் பயிற்சியாளர். கண்ணை மூடச் சொன்னார். மூச்சு போவதையும் வருவதையும் கவனிக்கச் சொன்னார். ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷத்தில் என் பாக்கெட்டில் போன் ஆறு தடவை அதிர்ந்தது. பவர் டேபிள் கான்ட்ராக்டர். ரிப் துணி வந்து சேராததால் இருபது டெய்லர்கள் காலையிலிருந்து சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். பீஸ் ரேட் ஆட்கள். உட்கார்ந்த நேரத்துக்குக் காசு கிடையாது. நான் மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

பயிற்சியாளரைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் அவர் சொன்ன விழிப்பு முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவனுடைய மன அமைதியைப் பற்றியது. போனின் மறுமுனையில் இருக்கிறவருடைய ராத்திரியைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

இந்தச் சரக்கு எங்கிருந்து போனது என்று நமக்குத் தெரியும். எண்வழிப் பாதையில் ஏழாவது. நற்கடைப்பிடி என்று தமிழில் சொன்னார்கள். 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் பாபாசாகேப் அதை மனத்தின் இடையறாத விழிப்பு என்றும், கெட்ட வேட்கைகள் உள்ளே நுழையாமல் மனம் தானே நிற்கும் காவல் என்றும் விளக்குகிறார். காவல் என்பது அங்கே முக்கியமான சொல். நம்முடைய பேராசையிலிருந்து அடுத்தவரைக் காப்பதும் அதில் அடக்கம். அமெரிக்கா போய்த் திரும்பி வரும்போது அந்தப் பாதியைக் கழற்றிவிட்டு, மேனேஜர்களுக்குத் தலைவலி மாத்திரையாக்கி விற்கிறார்கள். நம்முடைய சரக்கு நமக்கே இறக்குமதி. சரி போகட்டும்.

என் கதைக்கு வருகிறேன். 2022, தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால். ஒரு ஸ்டைலில் 1,200 பீஸ் பிசிர் சரியாக வெட்டவில்லை என்று செக்கிங்கில் திரும்பி வந்துவிட்டது. மறுநாள் பையரின் ஆள் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறார். ராத்திரி பத்தே முக்காலுக்குக் கான்ட்ராக்டருக்கு வாட்ஸ்அப் போட்டேன். 'அண்ணா, 1,200 பீஸ் பிசிர் அப்படியே இருக்கு, காலைல 7 மணிக்குள்ள வேணும், ரொம்ப அர்ஜன்ட்.' அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். நான் படுத்துத் தூங்கினேன். காலையில் சரக்கு வந்துவிட்டது. இன்ஸ்பெக்‌ஷன் பாஸ். ஆனால் 38 பீஸில் கத்தரி பட்டு ஓட்டை. அதற்கு டெபிட் நோட் போட்டு அனுப்பினேன். இதெல்லாம் எங்களுக்கு அன்றாடம்.

கான்ட்ராக்டர் வந்து சண்டை போட்டார். "அந்தம்மாகிட்ட நான் புடிச்சுட்டேன், நீ எங்கிட்ட புடிக்கற, சரியாப் போச்சா? ஒருக்கா நீயே போய்ப் பாத்துட்டு வா தம்பி." கோபத்தில்தான் சொன்னார். நான் போனேன். பெருமாநல்லூர் பக்கம் ஒரு அருந்ததியர் காலனி. கான்ட்ராக்டர் ஆள் எந்நாளும் காலனி முகப்பு வேப்பமரத்தடியில் வேனை நிறுத்தி, அங்கேயே மூட்டையை இறக்கிவிட்டு ஆரன் அடிப்பாராம். தெருவுக்குள்ளே வருவதில்லை. ஆரன் சத்தம் கேட்டு இவர்கள் போய்த் தூக்கி வர வேண்டும். அன்றைக்கு ஆரன் அடித்தது ராத்திரி பதினொன்றரைக்கு.

வாசலில் உட்கார்ந்திருந்த பெரியம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். ஒரு கண்ணில் புரை. அவரும் மருமகளும் பத்தாவது படிக்கிற பேரனும் ஒற்றை டியூப்லைட்டுக்குக் கீழே விடிய விடிய வெட்டியிருக்கிறார்கள். பீஸுக்கு 40 பைசா. 1,200 பீஸுக்கு 480 ரூபாய். மூன்று பேர், ஒரு முழு ராத்திரி. அந்த 480ஐத்தான் 38 ஓட்டைக்காகக் கான்ட்ராக்டர் பிடித்துவிட்டார். பையன் மறுநாள் பள்ளிக்கூடம் போகவில்லை.

பெரியம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"கம்பெனிலிருந்து வர்றீங்களா சாமி?"

"சாமின்னெல்லாம் சொல்லாதீங்கம்மா. நானும் நம்ம ஆளுதான்."

கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உட்கார்ந்துகொண்டார்.

"நம்ம ஆளா இருந்தா நடுராத்திரில மூட்டைய எறக்குவியா கண்ணு?"

நான் இறக்கவில்லை, வேன்காரர் இறக்கினார் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொல்லாமல் விழுங்கியது ஒன்றுதான் அன்றைக்கு நான் செய்த நல்ல காரியம்.

திரும்பி வந்து அந்த மெயிலைத் தேடி எடுத்தேன். அதை எல்லாத் தோழர்களும் கவனிக்க வேண்டும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பையர் ஆபீஸ் மெயிலில் இன்ஸ்பெக்‌ஷன் மத்தியானம் 2 மணி என்று இருந்தது. என் மேனேஜர் எனக்குச் சொல்லும்போது 'காலையிலேயே வந்துடுவாங்க' என்றார். நான் ஒரு ஜாக்கிரதைக்கு 7 என்றேன். கான்ட்ராக்டர் தன் ஜாக்கிரதைக்கு வேன்காரரிடம் 6 என்றார். வேன்காரர் அந்தம்மாவிடம் சொன்னது, 'அஞ்சரைக்கு வருவேன், கட்டி ரெடியா வெச்சிருக்கணும்.' ஒவ்வொருவரும் தன் பயத்துக்கு ஒரு மணி, இரண்டு மணி என்று எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டோம். அத்தனையும் சேர்ந்து எட்டரை மணி நேரம். அதை எடுத்தது அந்த வீட்டுத் தூக்கத்திலிருந்து. காலை எட்டு மணிக்கு மூட்டை இறங்கியிருந்தால் காலனியில் ஆறு பேர் உட்கார்ந்து பதினொன்றரைக்குள் முடித்திருப்பார்கள். கண்ணுக்கு வெளிச்சம் இருந்திருக்கும். ஓட்டையும் விழுந்திருக்காது.

இதில் யாரும் கொடுமைக்காரர் இல்லை, பாருங்கள். எல்லோரும் பொறுப்பான ஆட்கள்தான். வெஸ்ஸல் தப்பினால் சரக்கை ஏரில் அனுப்ப வேண்டும், அந்தச் செலவு கம்பெனி தலையில், அப்புறம் எங்கள் தலையில். பயம் நிஜம். ஆனால் மேலே இருக்கிறவன் பயத்தைக் கீழே இருக்கிறவனிடம் நேரமாக இறக்கிவிட முடிகிறது. கடைசிப் படியில் இருக்கிறவருக்கு இறக்கிவைக்க இடமில்லை.

ஏன் அவர் கடைசிப் படியில் இருக்கிறார் என்ற கேள்விக்கு வருவோம். 1984இல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர்த் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்குப் பிறகுதான் வேலையைச் சின்னச் சின்ன யூனிட்டாகவும் கான்ட்ராக்டாகவும் சிதறடிக்கும் போக்கு வலுத்தது. ஒரே கூரைக்குக் கீழே ஆயிரம் பேர் இருந்தால் கேட்டைச் சாத்தலாம். ஆயிரம் பேரும் நாற்பது கூரைக்குக் கீழே இருந்தால் எந்தக் கேட்டைச் சாத்துவது? சரத் சாரி என்கிற ஆய்வாளர் 2004இல் வெளியிட்ட நூலில், வயல்காட்டுப் பாட்டாளிகளாக இருந்த கவுண்டர்கள் எப்படித் தங்கள் 'பாட்டையே' மூலதனமாக்கி முதலாளிகளானார்கள் என்று விரிவாக எழுதியிருக்கிறார். உழைத்து முன்னேறிய கதை என்று ஊரே சொல்லும். உழைத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் நம்ம சனம் உழைக்காமலா இருந்தது? அவர்களுக்கு உழைப்போடு கூடவே சொந்தபந்தமும் இருந்தது. கடன் கொடுக்க மாமன் இருந்தான், ஜாப் ஒர்க் கொடுக்க மச்சான் இருந்தான். நமக்கு வேப்பமரம் இருந்தது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பனியன் கம்பெனி நமக்கு விடுதலையும் கொடுத்தது. கிரேஸ் கார்ஸ்வெல், ஜீயார்ட் டி நீவ் என்கிற இரண்டு ஆய்வாளர்கள் திருப்பூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் தங்கி ஆராய்ந்து 2014இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். டீசட்டையையும் டம்ளரையும் தலைப்பிலேயே சேர்த்து வைத்த கட்டுரை. திருப்பூருக்குப் பஸ் ஏறிப் போய் பனியன் கம்பெனியில் வேலை செய்ய முடிந்த ஊரில் தலித்துகள் பழைய பண்ணைக் கட்டிலிருந்து பெருமளவு விலகி நிற்க முடிந்திருக்கிறது. உள்ளூர் விசைத்தறியில் முன்பணம் வாங்கி மாட்டிக்கொண்ட ஊரில் அப்படி முடியவில்லை. என் அம்மாவும் அந்தப் பஸ்ஸில் போனவர்தான். கைமடிக்கிற வேலை. எட்டரைக்குப் போய் ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரி எட்டரைக்கு வெளியே வருவார். சனிக்கிழமை சம்பளம் கையில் வாங்கும்போது யார் வீட்டு வாசலிலும் கை நீட்டி நிற்க வேண்டியதில்லை என்பார். அந்தக் காசில்தான் நான் டிகிரி படித்தேன்.

ஆனால் பஸ் ஏற முடியாதவர்கள் உண்டு. கண் மங்கியவர், கைக்குழந்தைக்காரி, நோயாளியை வைத்துப் பார்க்கிறவர். அவர்களுக்கு வேலை மூட்டையாக வீட்டுக்கு வருகிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் படித்தவர்களெல்லாம் 'வீட்டிலிருந்தே வேலை' என்று புதுசாய் ஒன்றைக் கண்டுபிடித்ததுபோல் பேசினார்கள். நம்ம காலனிகளில் அது பல பத்தாண்டாக நடக்கிறது. லேப்டாப்புக்குப் பதில் கத்தரி, அவ்வளவுதான். வீட்டில் இருந்து வேலை செய்கிறவர்களும் தொழிலாளிகளே என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் 177ஆம் எண் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா இன்னும் அதை ஏற்புறுதி செய்யவில்லை. திருப்பூரில் சங்கங்களும் முதலாளிகளும் உட்கார்ந்து சம்பள ஒப்பந்தம் போடுகிறார்களே, அந்தப் பேச்சுவார்த்தை மேஜையில் இந்தப் பெரியம்மாவுக்கு நாற்காலி கிடையாது. பி.எப். இல்லை, ஈ.எஸ்.ஐ. இல்லை. எந்தக் கம்பெனியின் பதிவேட்டிலும் அவர் பெயர் இல்லை. என் போனிலும் அவர் நம்பர் இல்லை. ஆனால் என் குரல் அவர் வீடு வரை போகிறது.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. தூரத்தில் நின்று வேலை வாங்குவது கம்ப்யூட்டரோடு வந்த புதுப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். தீண்டாமை என்பதே தூரத்தில் வைத்து வேலை வாங்குகிற ஏற்பாடுதானே? ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம். பண்ணையார் வரப்பில் நின்று கூப்பிடுவார், இவன் ஓடி வர வேண்டும். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் வர வேண்டும். தூரத்தில் வைத்திருப்பதன் பெரிய வசதி என்னவென்றால், இவன் வீட்டில் என்ன நடக்கிறது என்று அவர் பார்க்கத் தேவையில்லை. பார்க்காததால் அவருக்கு மன உறுத்தலும் இல்லை. வேப்பமரத்தடி ஆரனும் என் வாட்ஸ்அப்பும் அந்த வரப்புக் குரலின் வாரிசுகள். சாதி இந்துவின் கையில் இருந்தபோது அதைச் சரியாக அடையாளம் கண்டோம். நம் கைக்கு வந்தபோது அதற்குப் பாலோ-அப் என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

அதற்கப்புறம் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை. மெயிலில் என்ன நேரம் இருக்கிறதோ அதையே சொல்வது என்று வைத்துக்கொண்டேன். என் பயத்தை அதில் கூட்டுவதில்லை. இது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். ஆறு மணிக்கு மேல் கான்ட்ராக்டருக்கு மெசேஜ் போடுவதில்லை, போன் செய்கிறேன். மெசேஜ் கட்டளையாகப் போய்விடும். போனில் 'இன்னிக்கு யார்கிட்டக் குடுப்பீங்க, அவங்க வீட்ல எத்தன பேரு' என்று கேட்க முடியும், அவர் 'முடியாது தம்பி' என்று சொல்லவும் முடியும். வியாழக்கிழமைகளில் வண்டியை எடுத்துக்கொண்டு யூனிட்களுக்கும் இரண்டு காலனிகளுக்கும் போய் வருகிறேன். போனில் மூன்று நாள் சண்டை போட்டும் தீராதது நேரில் பத்து நிமிஷத்தில் தீர்ந்துவிடுகிறது. அந்த டெபிட் நோட்டை ரத்துசெய்ய மேனேஜரிடம் மூன்று வாரம் அலைந்தேன். பாதிதான் கிடைத்தது. கான்ட்ராக்டர் 300 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். 180 போனது போனதுதான்.

மூட்டை இன்னும் வேப்பமரத்தடியில்தான் இறங்குகிறது. அதை என்னால் மாற்ற முடியவில்லை. கான்ட்ராக்டரிடம் கேட்டேன். "வண்டி திரும்பாது தம்பி, தெரு சின்னது" என்றார். தெருவில் தண்ணி லாரி திரும்புகிறது.

இது சீர்திருத்தவாதம் என்று தோழர்கள் சொல்வார்கள். நல்ல கண்காணி, கெட்ட கண்காணி என்று பிரிப்பதா நம் வேலை என்பார்கள். நியாயமான கேள்வி. நான் விழித்திருப்பதால் 40 பைசா 41 பைசா ஆகாது. சட்டமும் சங்கமும் இல்லாமல் என் நல்ல மனசு ஒரு டிரான்ஸ்பரில் காணாமல் போய்விடும். 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஏற்றுமதி ஆலை ஒன்றில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொலையானார். அவருடைய சூப்பர்வைசர் கைதானார். அங்கே தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் போராடி, 2022 ஏப்ரலில் திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸுடனும், எச் அண்ட் எம், கேப், பிவிஹெச் ஆகிய வெளிநாட்டு பிராண்டுகளுடனும் ஒப்பந்தம் போட வைத்தது. அதன்படி தொழிலாளிகளிலிருந்தே ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, பாலியல் தொல்லையையும் சாதிப் பேச்சையும் கவனித்து, பயமில்லாமல் புகார் செய்ய வழி செய்தார்கள். எங்கோ ஐரோப்பாவில் இருக்கிறவன் தன் சரக்கு தைக்கப்படும் இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்தாக வேண்டிய கட்டாயத்தை ஒரு சங்கம் உண்டாக்கியது. விழிப்பை அவன் மனசாட்சிக்கு விட்டுவைக்கவில்லை, கையெழுத்து வாங்கியது. இதுதான் வழி, சந்தேகமில்லை. ஆனால் அது ஆலைக்குள்ளே. காலனி வாசல் வரைக்கும் ஒரு சங்கம் வந்து சேருகிற வரையில் இடையில் நிற்கிற எங்களைப் போன்றவர்கள் என்ன செய்வது? கண்ணை மூடி மூச்சு விட்டுக்கொண்டிருப்பதா?

இனிமேல் எழுதப்போவது இயக்கத் தோழர்களுக்குக் கசக்கும்.

நாமும் தூரத்திலிருந்துதான் வழிநடத்துகிறோம். மாவட்டப் பொறுப்பாளர் கோவையில் இருப்பார். மாணவர் அமைப்பு ஒருங்கிணைப்பாளர் சென்னையில் ஹாஸ்டலில் இருப்பார். கிளைகள் அவினாசியில், பல்லடத்தில், ஊத்துக்குளியில். நடுவில் ஒரு வாட்ஸ்அப் குழு. ராத்திரி பதினொன்றுக்குப் பொறுப்பாளரின் குரல் பதிவு வரும். 'நாளைக் காலை 10 மணிக்கு ஆர்ப்பாட்டம், ஒவ்வொரு கிளையும் 20 பேரைக் கண்டிப்பாகத் திரட்ட வேண்டும்.' மறுநாள் சனிக்கிழமை. திருப்பூரில் சனிக்கிழமை லீவு போட்டால் அந்த வாரச் சம்பளம் கைக்கு வருவதில் இழுபறி என்று குரல் பதிவு போட்டவருக்குத் தெரியாது. ஏழு பேர் வந்தால் 'உணர்வு இல்லாத கிளை' என்று குழுவிலேயே திட்டு. அந்தத் திட்டைக் கேட்கும்போது எனக்கு ஆரன் சத்தம் கேட்கிறது.

நானே செய்திருக்கிறேன். போன வருஷம் டிசம்பர் 6க்கு ஒரு கிளையிலிருந்து ஆளே வரவில்லை என்று குழுவில் காட்டமாக எழுதினேன். அந்தக் கிளைச் செயலாளர் பதில் போடவில்லை. ஒரு மாதம் கழித்து நேரில் பார்த்தபோது சொன்னார்: "அண்ணா, அந்த வாரம் எங்க லைன் வீட்ட காலி பண்ணச் சொல்லிட்டாங்க. எட்டுக் குடும்பம். சாமான ஏத்திட்டு இருந்தோம்." எட்டுத் தலித் குடும்பங்களை ஒரே வாரத்தில் வீட்டைவிட்டு வெளியேற்றியிருக்கிறார்கள். அதற்குத்தான் இயக்கம் போய் நின்றிருக்க வேண்டும். நாங்கள் மாலை போட ஆள் வரவில்லை என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்தோம். குழுவில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க எல்லாருமே சொல்றீங்க. கேக்கற மாதிரி யாரும் இல்லியே."

தூரம் நமக்குப் புதிது இல்லை. நம் முன்னோர் இதைவிடப் பெரிய தூரத்தில் இயக்கம் நடத்தியவர்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். அது கோலார் தங்கவயல், ரங்கூன் என்று போனது. அங்கிருந்து வாசகர்கள் சந்தேகம் எழுதினார்கள். பத்திரிகையிலேயே அதற்கு விளக்கம் வந்தது. கட்டளை ஒரு பக்கமாகப் போகவில்லை, கேள்வி திரும்பி வந்தது. சுரங்கத்தில் வேலை செய்கிறவன் கேள்வி கேட்கலாம், பண்டிதர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்கிற ஏற்பாடு அது.

நாசிக் காலாராம் கோயில் சத்தியாகிரகம் 1930 மார்ச் 2இல் தொடங்கியது. பாபாசாகேப் குடியிருந்தது பம்பாயில். அந்த வருஷக் கடைசியில் வட்டமேஜை மாநாட்டுக்கு லண்டன். களத்தில் நின்றவர் பாவுராவ் கெய்க்வாட். அடியும் கல்லும் வாங்கியவர்கள் நாசிக் சனங்கள். இடையில் இருந்தது தபால்தான். நாலு வருஷம் கழித்து, வருகிற ராமநவமிக்கு மறுபடியும் சத்தியாகிரகம் தொடங்கலாமா என்று கெய்க்வாட் கேட்டு எழுதுகிறார். 1934 மார்ச் 3 தேதியிட்ட பதிலில் பாபாசாகேப் வேண்டாம் என்கிறார். வேண்டாம் என்று ஒரு வரி எழுதியிருந்தாலும் கெய்க்வாட் கேட்டிருப்பார். ஆனால் இதை ஏன் தொடங்கினோம், விக்கிரகத்தைக் கும்பிடுவது ஒருபோதும் நோக்கமாக இருந்ததில்லை, நம் சனத்தை உசுப்பி அவர்கள் நிலைமையை அவர்களுக்கே உணர்த்துவதுதான் நோக்கம், அது நடந்துவிட்டது, இனி பலத்தை அரசியலிலும் கல்வியிலும் செலவிட வேண்டும் என்று காரணங்களை அடுக்கி எழுதுகிறார். களத்தில் இருப்பவருக்குக் காரணம் தெரிய வேண்டும், அவர்தான் நாளைக்கு அடி வாங்கிய சனத்தின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியவர் என்கிற நினைப்பு அந்தக் கடிதத்தில் இருக்கிறது. கெய்க்வாட் கேட்டார், அவர் பதில் எழுதினார். இந்த வரிசையையும் கவனியுங்கள்.

நம் குரல் பதிவுகளில் காரணம் இருப்பதில்லை. 'தலைமை முடிவு' என்று இருக்கும்.

இதைக் குழுவில் எடுத்துப் பேசியபோது மூத்த தோழர் ஒருவர், "அப்புறம் இயக்கத்த எப்பத்தான் நடத்தறது, ஆளாளுக்கு நேரம் கேட்டுட்டு இருந்தா?" என்றார். அவர் கஷ்டமும் எனக்குத் தெரியும். அநியாயம் நடக்கும்போது நாள் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பிணத்தை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறபோது யாரும் நேரம் பார்ப்பதில்லை. அந்த மாதிரி சமயத்தில் கூப்பிடாமலேயே நம்ம சனம் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கிறது. நான் சொல்வது அதை அல்ல. மாதக் கூட்டத்துக்கும் பயிலரங்குக்கும் நினைவஞ்சலிக்கும் அந்த அவசரக் குரலையே பயன்படுத்துகிறோமே, அதைச் சொல்கிறேன். எல்லாமே அர்ஜன்ட் என்றால் நிஜமான அர்ஜன்ட் எது என்று மறுமுனையில் இருக்கிறவருக்கு எப்படித் தெரியும்? கம்பெனியில் இந்தப் பாடத்தை 38 ஓட்டை கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

போன மாதம் கிளைக் கூட்டத்துக்கு முன்னால் குரல் பதிவு போடவில்லை. எட்டுக் கிளைக்கும் ஒவ்வொருவராகப் போன் செய்தேன். இரண்டு நாள் சாயங்காலம் முழுக்கப் போனது. எப்போது வைத்தால் வர முடியும் என்று மட்டும் கேட்டேன். ஆண்கள் பெரும்பாலும் 'நீங்க சொல்ற நேரம்ணா' என்றார்கள். அது பழக்கம். பெருமாநல்லூர்க் காலனியில் அந்தப் பெரியம்மாவின் மருமகள் இப்போது கிளையில் இருக்கிறார். அவர்தான் யோசித்துச் சொன்னார்: "ஞாயித்துக்கெழம காலைல துணி தொவைக்கோணும், தண்ணி புடிக்கோணும், சந்தைக்குப் போகோணும். நாலு மணிக்கு வெய்யுங்க. எங்க காலனிலயே வெச்சாப் பொம்பளைங்க பத்துப் பேரு வருவோம். மூட்டை வந்துச்சுன்னா வெட்டிக்கிட்டே கேப்போம்."

நாலு மணிக்கு அங்கேயே வைத்தோம். பதினாறு பேர் வந்தார்கள், அதில் பதினொரு பேர் பெண்கள். மூட்டையும் வந்தது. கூட்டத்தில் முதல் தீர்மானமாக அவர்கள் கொண்டுவந்தது வேனைத் தெருவுக்குள் கொண்டுவர வேண்டும் என்பது. வருகிற வியாழக்கிழமை கான்ட்ராக்டரைப் பார்க்க நான்கு பெண்கள் போகிறார்கள். என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள், கம்பெனி ஆளாக அல்ல, கிளை உறுப்பினனாக. மேனேஜருக்கு இந்த விஷயம் தெரிந்தால் என்ன ஆகும் என்று வீட்டில் கேட்கிறார்கள். அடுத்த மாதக் கூட்டத்தை மறுபடியும் கோவையில் காலை 10 மணிக்கு வைக்கச் சொல்லி நேற்று ராத்திரி பதினொன்றேகாலுக்கு ஒரு குரல் பதிவு வந்திருக்கிறது. அதற்கு என்ன பதில் எழுதுவது என்று காலனியில் கேட்டிருக்கிறேன்.